லெனக்ஸ் லூயிஸ் குத்துச்சண்டையை விட்டுப் போனது சரியோ, பிழையோ?

[திரையில்: 2003 யூன் 21, லொஸ் ஏஞ்சலிஸ். விற்றாலி கிளிச்கோவின்ர இடக்கண்ணுக்கு மேல வெட்டுக்காயம். மருத்துவர் கிட்டப் போய்ப் பாக்கிறார்.]

வணக்கம். ஆறு ரவுண்ட் முடிஞ்சிட்டுது. மூண்டு நடுவர்மாரும் ஒரே கணக்குத்தான் போட்டு வைச்சிருக்கினம்: 58க்கு 56, கிளிச்கோ முன்னுக்கு. ஏழாவதுக்கு மணி அடிக்க முதல் மருத்துவர் காயத்தைப் பாத்திட்டு, இனி ஏலாது எண்டுறார். புள்ளியில பின்னுக்கு நிண்ட லெனக்ஸ் லூயிஸ் வெண்டிட்டார். அதுதான் அவற்ற கடைசிச் சண்டை. 2004 பெப்ரவரி 6ஆம் திகதி, 38 வயசில, ஹெவிவெயிட், அதாவது ஆகப் பாரமான பிரிவின்ர, சம்பியனாவே இருந்துகொண்டு ஓய்வை அறிவிச்சார். பிறகு ரிங்குக்குள்ள திரும்பி வரவேயில்லை.

இருபது வருசம் தாண்டியும் ரசிகர்கள் இந்த ஒரு சண்டையிலதான் பிடுங்குப்படுகினம். "மறுசண்டைக்குப் பயந்து ஓடினவர்" எண்டு ஒரு பக்கம். "உடம்பு சொன்னதைக் கேட்ட மனுசன்" எண்டு மற்றப் பக்கம். கிளிநொச்சித் தேத்தண்ணிக் கடையில கதைச்சாலும் இந்த ரண்டு கட்சிதான். ஒரு சம்பியனை எப்பிடி எடை போடுறது எண்டதை லூயிஸ்ர பதிவை வைச்சே செய்து பாப்பம்.

[திரையில்: 44 சண்டை. 41 வெற்றி, அதில 32 நொக்கவுட். 2 தோல்வி. 1 சமன்.]

முதல்ல ஒரு பழக்கத்தை விட வேணும். கிரிக்கெட்டோட வளந்த எங்களுக்கு இலக்கம் எண்டால் கடைசித் தீர்ப்பு. முரளிதரன் 2010 யூலையில காலியில தன்ர கடைசி ரெஸ்ற்ரில, கடைசிப் பந்தில 800ஆவது விக்கெட்டை எடுத்தார். அதுக்கு மேல கதை இல்லை. ஆனா முரளி ஆருக்குப் பந்து போடுறது எண்டதை முரளி தீர்மானிக்கேல்ல, அட்டவணை தீர்மானிச்சது. குத்துச்சண்டையில எதிராளியை வீரரும் அவற்ற ஆக்களும் பேரம் பேசித்தான் எடுக்கினம். அதால தோல்விப் பக்கத்தில ஒரு பூச்சியம் நிக்குது எண்டால், அது திறமையாலயும் வரலாம், ஆளைத் தெரிவு செய்த விதத்தாலயும் வரலாம்.

ரொக்கி மார்சியானோ 1956இல 49 சண்டை, 49 வெற்றியோட விலகினார். பெரிய மனுசன்தான். ஆனா அவர் 1951இல விழுத்தின பழைய சம்பியன் ஜோ லூயிஸுக்கு (இவர் வேற லூயிஸ்) அப்ப 37 வயசு. 1952இல பட்டத்தைப் பறிச்சது 38 வயசு வோல்கொட்டிட்ட. பிளொயிட் மேவெதரின்ர 50ஆவது வெற்றி 2017இல கொனர் மக்கிரெகருக்கு எதிரா. மக்கிரெகருக்குத் தொழில்முறைக் குத்துச்சண்டையில அதுதான் முதல் சண்டை. இவையைக் குறைச்சுச் சொல்லேல்ல. ஒவ்வொரு வெற்றிக்குப் பக்கத்திலயும் எதிராளியின்ர வயசையும் அந்த ஆண்டையும் பென்சிலால குறிச்சு வையுங்கோ. இலக்கம் அப்பதான் வாய் திறக்கும்.

இனி லூயிஸ்ர ரண்டு தோல்வி. இதுதான் பதிவில ஆகப் பெறுமதியான இடம் எண்டது எங்கட எண்ணம்.

1994 செப்டெம்பர், லண்டன். ஒலிவர் மக்கோலின்ர வலக்கை ஒண்டு பட்டு ரண்டாவது ரவுண்டில லூயிஸ் விழுந்தார். எழும்பினார், ஆனா நடுவர் நிப்பாட்டிட்டார். அவசரப்பட்டு நிப்பாட்டினது எண்டு லூயிஸ்ர ஆக்கள் சத்தம் போட்டவை. லூயிஸ் செய்ததைப் பாருங்கோ: மக்கோலுக்கு வழி சொல்லிக் குடுத்த பயிற்சியாளர் எமானுவேல் ஸ்ருவேட்டையே தன்ர மூலைக்கு, அதாவது தனக்குப் பயிற்சியாளரா, கூட்டி வந்தார். தன்னை எப்பிடி விழுத்துறது எண்டு கண்டுபிடிச்ச ஆளையே சம்பளத்துக்கு வைச்ச மாதிரி. 1997இல அதே மக்கோலை ஐஞ்சாவது ரவுண்டில வெண்டார்.

2001 ஏப்ரல், தென்னாபிரிக்கா, பிராக்பான். ஹசிம் ரஹ்மான் ஐஞ்சாவது ரவுண்டில ஒரே வலக்கையால லூயிஸைப் படுக்க வைச்சார். இதுக்கு மாயம் மந்திரம் தேவையில்லை. அந்த இடம் கடல் மட்டத்தில இருந்து ஏறக்குறைய 1,600 மீற்றர் உயரம், எங்கட நுவரெலியாவைவிடக் கொஞ்சந்தான் குறைவு. பரந்தன் வெளியில ஓடிப் பழகின ஒருத்தரை அங்க கொண்டுபோய் ஓட விட்டால் முதல் நாளே மூச்சு முட்டும். உடம்பு அந்தக் காத்துக்குப் பழகக் கிழமைக்கணக்கில வேணும். லூயிஸ் அமெரிக்காவில ஒரு படத்தில தலை காட்டிப்போட்டு, பிந்தித்தான் போய் இறங்கினார். ஐஞ்சாவதில கயித்தோட சாய்ஞ்சு சிரிச்சுக்கொண்டு நிக்கேக்கதான் அடி விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில எடை குறைச்சு, கவனமா வந்து, நாலாவது ரவுண்டிலயே ரஹ்மானை விழுத்திப் பட்டத்தைத் திருப்பி எடுத்தார்.

ஆக, தொழில்முறையில தனக்கு முன்னால நிண்ட ஒவ்வொருத்தரையும் ஒருக்காவது வெண்டுதான் லூயிஸ் போயிருக்கிறார். அந்த ஒரு சமனுக்கும் பிறகு வெற்றி இருக்கு. மார்சியானோவின்ர பூச்சியம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது: விழுந்தால் இந்த ஆள் என்ன செய்வார்?

[திரையில்: வெறும் தாள். 12 வரி, ரவுண்டுக்கு ஒண்டு. இடப்பக்கம் ஒரு பேர், வலப்பக்கம் ஒரு பேர்.]

அந்தச் சமன் சண்டை, 1999 மார்ச் 13, நியூ யோர்க். எதிராளி இவாண்டர் ஹோலிபீல்ட். எண்ணினவையின்ர கணக்குப்படி லூயிஸ்ர அடி 348 பட்டது, ஹோலிபீல்டின்ர அடி 130. முடிவு சமன்! ஒரு நடுவர் லூயிஸுக்கு 116க்கு 113, ஒருத்தர் 115க்கு 115, மற்றவர் ஹோலிபீல்டுக்கு 115க்கு 113. லூயிஸ் போட்டு வெளுத்த ஐஞ்சாவது ரவுண்டைக்கூட அந்த மூண்டாவது நடுவர் ஹோலிபீல்டுக்குக் குடுத்தவர். நவம்பரில திரும்பவும் மோதி, மூண்டு நடுவரும் லூயிஸுக்குத் தீர்ப்புச் சொல்லிச்சினம்.

இப்பிடிப்பட்ட சண்டையை நீங்களே புள்ளி போட்டுப் பாக்கிறதுதான் நல்லது. செய்யிற முறை இது. சத்தத்தை முழுசா நிப்பாட்டுங்கோ, வர்ணனைக்காரர் உங்கட கையைப் பிடிச்சு எழுத வைப்பார். ரவுண்டை வெண்டவருக்கு 10, மற்றவருக்கு 9. ஒருக்கா விழுந்தால் பெரும்பாலும் 10க்கு 8. இடைவேளை ஒரு நிமிசந்தான், அதுக்குள்ள எழுதி முடிச்சிட வேணும். திருப்பிப் போட்டுப் பாக்கக் கூடாது, நடுவருக்கு அந்த வசதி இல்லை. முதல்ல பாக்க வேண்டியது சுத்தமாப் பட்ட அடி. கையிலயும் தோளிலயும் தடுபட்ட அடிக்குச் சனம் கத்தும், புள்ளி இல்லை.

வழமையா எங்க பிழைக்கும் எண்டால், கடைசி 30 செக்கனில. ரண்டரை நிமிசம் ஒருத்தர் ஜாப்பால, அதாவது இடக்கையை நேர நீட்டிக் குத்துற குத்தால, எட்டத்தில வைச்சு அடிச்சிருப்பார். மற்றவர் மணி அடிக்கப் போற நேரம் பாய்ஞ்சு நாலு அடி அடிப்பார். மனசில நிக்கிறது அந்த நாலுதான். லூயிஸ் மாதிரி உயரமான ஜாப் ஆக்களுக்கு இதால நட்டம். போனில வாற ரண்டு நிமிச வெட்டித் துண்டுகளிலயும் இதே பிரச்சினை: நொக்கவுட் இருக்கும், ஜாப் இருக்காது. அந்தத் துண்டுகளில லூயிஸைப் பாத்து வளந்த பிள்ளையளுக்கு அவர் வெறும் வலக்கை ஆள்.

இனி எதிர்ப்பக்கக் கணக்கு. அதையும் நேர்மையா எழுத வேணும். லூயிஸ் 2002இல வெண்ட மைக் டைசனுக்கு 36 நெருங்கிட்டுது. ஹோலிபீல்டும் 36, 37. ரிடிக் போவோட தொழில்முறையில மோதவேயில்லை. ஆனா அந்தக் குற்றத்தை லூயிஸ்ர தலையில கட்ட ஏலாது. 1988 சோல் ஒலிம்பிக்கில கனடாவுக்காக நிண்டு போவை வெண்டு தங்கம் எடுத்தவர் லூயிஸ். 1992இல லூயிஸோட மோத வேண்டி வந்தபோது போவ் தன்ர சம்பியன் பட்டியைக் குப்பைத் தொட்டியில போட்டார்.

கடைசியா, கிளிச்கோ. உண்மையான கேள்வி இங்கதான் இருக்கு. முதல் எதிராளி காயப்பட்டதால, அதே மேடையில வேற சண்டைக்கு இருந்த கிளிச்கோ ரண்டு கிழமைக்கு முதல்தான் உள்ள வந்தவர். லூயிஸ் 256½ இறாத்தல், 116 கிலோ. ரண்டு சீமெந்துப் பைக்கற்றும் மேல 16 கிலோவும். அவற்ற சண்டை வாழ்க்கையிலயே ஆகக் கூடின எடை. ரண்டாவது ரவுண்டில ஆடிப்போனார்.

"வெட்டாலதானே வெண்டவர்" எண்டு தட்டிக் கழிக்கிற ஆக்கள் ஒரு சட்டத்தை மறக்கினம். காயம் அடியால வந்தால் அது அடிச்சவரின்ர வெற்றி. தலை தற்செயலா மோதி வந்திருந்தால், நாலு ரவுண்ட் தாண்டின படியால் புள்ளிக்குப் போயிருக்கும், கிளிச்கோ சம்பியன். மூண்டாவது ரவுண்டில அந்தத் தோலைப் பிளந்தது லூயிஸ்ர வலக்கை. வெற்றி சுத்தமானது.

மறுசண்டை குடுக்காமல் போனது ஒரு கடன்தான், பதிவில அது நிக்கும். எண்டாலும் மற்ற வழியில போனவையைப் பாருங்கோ. 25 தரம் பட்டத்தைக் காத்த ஜோ லூயிஸ், வரிக் கடனால திரும்பி வந்துதான் மார்சியானோவிட்ட அடி வாங்கினவர். முகமது அலி 1980 ஒக்ரோபரில, 38 வயசில, லாரி ஹோம்ஸிட்ட பத்து ரவுண்ட் அடி வாங்க, மூலையில இருந்தவைதான் நிப்பாட்டிச்சினம். அடுத்த வருசம் இன்னொண்டு. அதே 38இல லூயிஸ் வீட்ட போனார். வயசு போகேக்க முதல்ல கால் போகும், பிறகு கண்ணுக்கும் கைக்கும் இடையிலான வேகம் போகும், அடியின்ர பலம் கடைசியாத்தான் போகும். அதாலதான் வீரருக்கு "இன்னும் ஏலும்" எண்டு தோணும். அந்த ஏமாத்தை நம்பாமல் நிண்டது, எங்கட கணக்கில, டைசன் வெற்றியைவிடப் பெரிசு.

பாக்கிற ஒழுங்கு: முதல்ல ரஹ்மான் சண்டை ரண்டும், அடுத்து ஹோலிபீல்ட் முதலாவது, தாளும் பேனையுமா. கிளிச்கோவைக் கடைசியா வையுங்கோ. அதில ஆறாவது ரவுண்டில லூயிஸ் கீழ இருந்து எடுத்து அடிக்கிற அப்பர்கட் ஒண்டு இருக்கு. அது பட்டும் கிளிச்கோ விழேல்ல. மணி அடிச்ச பிறகும் வீடியோவை நிப்பாட்டாதேங்கோ. லூயிஸ் எப்பிடி மூச்சு வாங்குறார் எண்டு பாருங்கோ.