மலை தேர்ந்தெடுத்த மாடு

(ஆடிச் சந்தைக்கு முந்தைய நாள் மாலை, ஈரோடு மாவட்டம் அந்தியூரில் மாடு வளர்ப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் கால்நடை உதவி மருத்துவர் அவர்களே, வரவேற்றுப் பேசிய தலைமையாசிரியர் ஐயா அவர்களே, காசு வாங்காமல் பந்தலும் ஒலிபெருக்கியும் தந்திருக்கும் அன்பர் அவர்களே, தாமரைக்கரையிலிருந்தும் தேவர்மலையிலிருந்தும் கொங்காடையிலிருந்தும் இறங்கி வந்து, கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். மேடையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. காட்டைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி ஒருவருக்காகப் போட்டது. வேலை மிகுதியால் அவர் வர இயலவில்லையாம். அவரிடம் சொல்ல வேண்டியதையும் உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, மலை மாட்டினத் தேர்வும் மேம்பாடும். நம் பர்கூர் மலை மாட்டைப் பற்றித்தான். மூன்று செய்திகளைக் குறித்துக்கொண்டு வந்தேன். பொலிகாளையை, அதாவது இனப்பெருக்கத்துக்கு நிறுத்தும் காளையை, எப்படித் தேர்ந்தெடுப்பது, பட்டிக்குப் பட்டி காளையை எப்படி மாற்றுவது, பாலுக்கும் எருவுக்கும் எப்படி விலை பெறுவது. இந்த மூன்றுக்கும் முன்னால் ஒரு பழமொழி. என்னை அறிந்தவர்கள் இப்போதே சிரிக்கிறார்கள், சிரியுங்கள். ‘மேயப் போகிற மாடு கொம்பிலா புல்லைக் கட்டிக்கொண்டு போகும்?’ இன்றைக்கு இதைச் சில முறை கேட்பீர்கள்.

நாளைக்குக் குருநாதசுவாமி கோயில் சந்தையில் பர்கூர் மாட்டைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். ரொம்பப் பக்கத்தில் போக வேண்டாம், அதற்குப் பிடிக்காது. செவலை உடம்பில் வெள்ளைத் திட்டுகள், ஒன்றுக்கு இருப்பது போல் இன்னொன்றுக்கு இருக்காது. கொம்பு அடியில் நெருங்கி, பின்னால் சாய்ந்து, வெளியே விரிந்து மேலேறி, முன்னோக்கி வளைந்து கூராக முடியும். உயரம் நடுத்தரம், உடம்பு கட்டுக்கோப்பு. வேகமும் சளைக்காத நடையும் இந்த இனத்தின் பெயரோடு ஒட்டிப் பிறந்தவை. பால் சராசரியாக ஓர் ஈற்றுக்கு, அதாவது ஒரு கன்று போட்டுக் கறவை வற்றும்வரை, 350 கிலோ என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஜெர்சிக் கலப்பு மாடு வைத்திருப்பவர் இதைக் கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். அந்தக் கலப்பு மாட்டை ஒரு வாரம் பர்கூர் மலைச் சரிவில் விட்டுப் பார்க்கட்டும், பிறகு பேசுவோம்.

இந்த உடம்பை உருவாக்கியது யார்? பாதி மலை, பாதி பட்டிக்காரர். சரிவில் ஏற முடியாதது, கோடையில் காய்ந்த புல்லில் உயிர் பிடிக்காதது, உண்ணிக்கும் சிறுத்தைக்கும் ஈடுகொடுக்காதது, இவையெல்லாம் கன்று போடாமலே கழிந்துவிட்டன. மீதியில் பட்டிக்காரர் தேர்ந்தெடுத்தார். எப்படி? காளைக்கன்றைப் பார்த்தல்ல, அதன் தாயைப் பார்த்து. மலையில் ஒரு பட்டியில் பாட்டி ஒருவர் எனக்குக் காட்டிக் கொடுத்தார். வேலி ஓரத்தில் நின்ற ஒரு கிழப் பசுவைக் கோலால் சுட்டினார். “அதற்கு ஈற்று தவறியதில்லை. மேய்ச்சலில் முன்னால் போகும். பொழுது சாய்ந்தால் கூப்பிடாமல் பட்டிக்கு வரும். அதன் மகன்தான் எங்கள் காளை.” பல்கலைக்கழகத்தில் இதைத் தாய்வழித் தகவலின் அடிப்படையிலான தேர்வு என்று பாடம் நடத்துகிறார்கள்.

காளைத் தேர்வு ஏன் இவ்வளவு பெரிய காரியம்? ஒரு பசு தன் வாழ்நாளில் ஏழெட்டுக் கன்று போட்டால் பெரிது. ஒரு பொலிகாளையோ ஆண்டுக்கு நாற்பது ஐம்பது கன்றுகளுக்குத் தகப்பன். காளை பழுதென்றால் பட்டியே பழுது. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? நாளைக்குச் சந்தையில் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். நடை நேரானது, நெஞ்சு அகன்றது, திமில் எழும்பியது, சோடி சேர்ந்தது எல்லாம் வண்டிக்கும் ஏருக்கும் விலை போகும். வாங்கியவர் காயடித்துவிடுவார். விலை போகாமல் திரும்பி வருவது பட்டியில் நின்று பொலியும். நல்லதை விற்றுவிட்டு, மிச்சத்தை விதைக்கு வைத்துக்கொள்ளும் விவசாயி உண்டா? நெல்லில் செய்ய மாட்டோம், மாட்டில் செய்கிறோம். பணமுடைதான் காரணம், தெரியும். அதனால்தான் சொல்கிறேன்: பட்டிக்கு ஒரு சிறந்த காளைக்கன்றை விற்காமல் நிறுத்தி வைப்பவருக்கு, சந்தையில் கிடைத்திருக்கக்கூடிய விலையை அரசே கொடுக்க வேண்டும்.

இரண்டாவது செய்தி, காளை மாற்று. நூறு பசுக்களுக்கு நான்கு காளைகள் இருக்கின்றன என்று வையுங்கள். எண்ணினால் 104. இனப்பெருக்கக் கணக்கில் அது ஏறக்குறைய 15 உருப்படிகளுக்குத்தான் சமம், ஏனென்றால் அடுத்த தலைமுறையின் பாதி அந்த நான்கிலிருந்து வருகிறது. இந்தக் கணக்கு 50க்குக் குறையக் கூடாது என்பது இத்துறையினர் வைத்திருக்கும் வரம்பு. ஒரே காளை ஆண்டுக்கணக்கில் நின்றால் தன் மகளையே பொலியும். பிறக்கும் கன்றில் நூற்றுக்கு 25 பங்கு இரத்த நெருக்கம் ஏறிவிடும். கன்று நோஞ்சானாகும், சினை பிடிக்காது. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பக்கத்துப் பட்டிக்காரரோடு காளையை மாற்றிக்கொண்டால் இது தீரும். செலவில்லாத வைத்தியம்! பங்காளிச் சண்டைதான் தடை என்றால், மருத்துவர் ஐயா நடுவில் நிற்கட்டும். தலையாட்டுகிறார், நன்றி.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சந்தைக்காரர்கள் திட்டு அழகாக விழுந்த மாட்டைத்தான் கேட்கிறார்கள். வெறும் திட்டுக்காகக் காளையைத் தேர்ந்தெடுத்தால் பத்துத் தலைமுறையில் நமக்கு மிஞ்சுவது சாயம் பூசிய நோஞ்சான்.

இந்த மாட்டின் குணத்தைப் பற்றிப் பேசாமல் போனால் நீங்கள் என்னை விட மாட்டீர்கள். என் பெரியப்பா பவானிப் பக்கம் விவசாயம் செய்தவர். ஓர் ஆடிச் சந்தையில் இரண்டு பர்கூர்க் காளைகளை ஆசைப்பட்டு வாங்கினார். பெரியம்மா, “நமக்குக் காங்கேயமே போதுமே” என்றார். பெரியப்பா கேட்கவில்லை. முதல் நாள் தொழுவத்து முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு இரண்டும் வெளியே நின்றன. இரண்டாம் நாள் நுகத்தடியைக் கண்டதும் ஒன்று படுத்துக்கொண்டது, இன்னொன்று பெரியப்பாவைப் பார்த்தது. அந்தப் பார்வையைப் பற்றி அவர் சாகும்வரை பேசினார். மூன்றாம் நாள் எப்படியோ ஏரில் பூட்டிவிட்டார். பூட்டியதுதான் தாமதம், ஏரோடு மஞ்சள் காட்டுக்குள் பாய்ந்து, நாலு பாத்தியை அழித்து, கிணற்று மேட்டைச் சுற்றி வந்தன. பெரியப்பா வேப்பமரத்தில் ஏறிவிட்டார். காளைகள் மரத்தடியில் நின்றுகொண்டன. மதியச் சோற்றைப் பெரியம்மா தொரட்டியில் கட்டி நீட்டினார். கூடவே ஒரு கேள்வியும் நீட்டினார்: “காங்கேயம் வேண்டாம் என்றீர்களே?”

சாயங்காலம் யாரோ சொல்லியனுப்பி, விற்ற பட்டிக்காரர் மலையிலிருந்து இறங்கி வந்தார். மெலிந்த மனிதர், கையில் கோல்கூட இல்லை. வரப்பில் நின்று கன்னடத்தில் இரண்டு பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டும் காதை ஆட்டிக்கொண்டு போய் அவர் தோளில் முகத்தை வைத்தன. மேலே மரத்தில் பெரியப்பா! “இவற்றை அடிக்கக் கூடாது, பேச வேண்டும்” என்றார் அந்த மனிதர். ஒரு வாரம் அங்கேயே தங்கிப் பழக்கிக் கொடுத்தார். அதன் பிறகு அந்தச் சோடி பெரியப்பாவிடம் சலிக்காமல் உழைத்தது. எங்கள் குடும்பத்திலேயே கன்னடம் பேசியவர் பெரியப்பா ஒருவர்தான், அதுவும் தொழுவத்தில் மட்டும்.

சிரித்தது போதும். அந்தக் காளைகளை அப்படி ஆக்கியது காடு. இப்போது அந்தக் காட்டின் கதையைக் கேளுங்கள். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகளில் மாடு மேய்க்கத் தடை விதித்தது. அதே மாதத்தில், சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று அதைச் சுருக்கியது. அப்பாடா என்றிருந்தோம். 2024 ஜனவரியில் அந்தியூர், பர்கூர், தட்டக்கரை, சென்னம்பட்டிக் காடுகளைச் சேர்த்து ஏறக்குறைய 80,000 ஹெக்டேரில் தந்தை பெரியார் வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. காட்டைக் காப்பதை நான் எதிர்க்கவில்லை. யானையும் புலியும் வாழட்டும். ஆனால் சுருக்கிய தடை இப்போது எங்கே வந்து விழுகிறது என்று பாருங்கள். புல்வெளியை விழுங்கிக்கொண்டிருப்பது லாண்டானா என்கிற உண்ணிச்செடிப் புதர், மாடு அல்ல. அந்த உண்ணிச்செடியை அகற்றிவிட்டுப் பேசலாமே?

துருசனாம்பாளையத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 2015இல் பர்கூர் மாட்டின ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. நல்ல காரியம், கை தட்டுங்கள். காளையின் விந்தை அடைத்த குச்சியை மைனஸ் 196 டிகிரித் திரவ நைட்ரஜனில் எத்தனை ஆண்டும் வைக்கலாம். ஆனால் சரிவில் ஏறும் காலையும், கூப்பிட்டால் பட்டிக்குத் திரும்பும் புத்தியையும் எந்தக் குடுவையில் வைப்பது? தொழுவத்தில் கட்டி அறுத்த புல்லைப் போட்டு வளர்த்தால், தொழுவத்தில் நன்றாக நிற்கும் காளையைத்தான் நாம் தேர்ந்தெடுப்போம். அதற்கும் பர்கூர் என்றே பெயர் இருக்கும். மேயப் போகிற மாடு கொம்பிலா புல்லைக் கட்டிக்கொண்டு போகும்? மேய்ச்சலை மூடிவிட்டு இனத்தைக் காப்பதாகச் சொல்கிறவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்.

தலைவர் அம்மா சீட்டு அனுப்பியிருக்கிறார். மூன்றாவது செய்தியை, பால், எரு, விலை, மூன்றையும் இன்னொரு கூட்டத்துக்கு வைத்துக்கொள்கிறேன். எருவுக்கு மட்டும் ஒன்று: மலைப் பட்டி எருவைக் கீழே மஞ்சள் காட்டுக்காரர்கள் தேடி வந்து வாங்குகிறார்கள். மேய்ச்சல் நின்றால் அதுவும் நிற்கும்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை ஒரு சமூக உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. சரணாலயமும் அந்தச் சட்டத்தின்படி வன நிலம்தான். கிராம சபையில் தீர்மானம் போட்டு, சமூக உரிமைக்கான படிவத்தை நிரப்பிக் கோட்ட அளவிலான குழுவுக்கு அனுப்ப வேண்டும். பழங்குடியினர் அல்லாதவர்கள் 2005 டிசம்பர் 13க்கு முன்னால் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டைச் சார்ந்து வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். உங்கள் தாத்தா கட்டிய மேய்ச்சல் ரசீது டிரங்குப் பெட்டியில் எங்காவது கிடக்கும். செல்லரித்திருந்தாலும் எடுத்து வாருங்கள். ரசீது இல்லாதவர்கள், உரிமை கேட்டு விண்ணப்பிக்காத முதியவர் ஒருவரைக் கூட்டி வாருங்கள், எழுதி வாங்கும் அவர் வாக்குமூலமும் சான்றுதான்.

பந்தலுக்குப் பின்னால் மேசை போட்டுப் படிவங்கள் வைத்திருக்கிறார்கள். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பெயரையும் பட்டி இருக்கும் இடத்தையும் எழுதிவிட்டுப் போங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு மை டப்பா இருக்கிறது. அடுத்து மருத்துவர் ஐயா கோமாரித் தடுப்பூசி பற்றிப் பேசுவார். நன்றி, வணக்கம்.