சேலத்திலிருந்து சான்பிரான்சிஸ்கோ: டிக்கெட் சொல்லாத மணிக்கணக்கு

வணக்கம். ஏற்காடு லேடீஸ் சீட்டிலிருந்து பேசுகிறேன். கீழே விரிந்து கிடப்பது சேலம். பேரப்பிள்ளையைப் பார்க்க முதன்முறையாக அமெரிக்காவுக்கு விமானம் ஏறப்போகும் அப்பா, அம்மாக்கள் அங்கே எத்தனையோ பேர். எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர்கள் கேட்டால், "ஒரு நாள் ஆகும்மா" என்று பிள்ளைகள் முடித்துவிடுகிறார்கள். அது போதாது என்பதால்தான் இந்த வீடியோ.

பெங்களூரு – சான்பிரான்சிஸ்கோவை எடுத்துக்கொள்வோம். வான்வழியில் சுமார் 14,000 கிலோமீட்டர். சுவரில் மாட்டிய வரைபடத்தில் ஸ்கேல் வைத்து, பசிபிக் கடலுக்கு மேலே கோடு போட்டுப் பார்த்தால் அதுதான் நேர்வழி போலத் தோன்றும். உண்மையில் அந்தக் கோடு 16,000 கிலோமீட்டரைத் தாண்டும்! வீட்டில் பிள்ளைகளின் உருண்டை பூகோளம் இருந்தால், இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூல் வடக்கே ஏறி, வட துருவத்துக்குப் பக்கமாகப் போகும். எனக்கு இதைப் பார்க்கப் பார்க்க அலுப்பதே இல்லை.

2021 ஜனவரியில் அந்த வழியாகத்தான் ஏர் இந்தியா விமானம் ஒன்றை, கேப்டன் சோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருவுக்கு ஓட்டிவந்தார்கள். ஏறத்தாழ 17 மணி நேரப் பயணம். 9ஆம் தேதி இரவு புறப்பட்டு, 11ஆம் தேதி அதிகாலையில் இறங்கினார்கள். நடுவில் ஒரு தேதி எங்கே போனது? குளிர்காலத்தில் கலிபோர்னியா கடிகாரம் நம்முடையதைவிட 13½ மணி நேரம் பின்தங்கியிருக்கிறது, கோடையில் 12½. இங்கிருந்து போகும்போது இது தலைகீழாகும். குளிர்காலத்தில் பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பி, 16½ மணி நேரம் பறந்தாலும், அங்கே அதே நாள் மாலை 5 மணிதான். டிக்கெட்டைப் பார்த்து மூன்று மணி நேரப் பயணம் என்று நினைத்துவிடாதீர்கள்.

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடாதா? மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்தால் பதினைந்தரை மணி நேரம்தான் வருகிறது. ஆனால் காற்று இருக்கிறது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்றால், லண்டனிலிருந்து நியூயார்க் போவதைவிடத் திரும்பி வருவது ஏறத்தாழ ஒரு மணி நேரம் குறைவு. வான்வெளி மூடப்படுவதும் உண்டு. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியதும், டெல்லியிலிருந்து ஐரோப்பா போகும் இந்திய விமானங்கள் சுற்றிப்போக வேண்டியதாயிற்று. சேலத்திலிருந்து ஏற்காடு நேராக 15 கிலோமீட்டர்கூட இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு சாலையில் வந்தால் ஏறக்குறைய இரட்டிப்பு. வானத்திலும் அப்படித்தான்.

இதோடு சேலத்திலிருந்து பெங்களூருவின் தேவனஹள்ளி விமான நிலையம்வரை கார் பயணம், அங்கே மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்க் காத்திருப்பது எல்லாம் சேரும். வழியில் வேறு ஊரில் விமானம் மாறினால் இன்னும் கூடும். வீட்டு வாசல் முதல் அங்கே இறங்குவதுவரை உள்ள மொத்த மணி நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எந்தக் கடிகாரப்படி எப்போது சாப்பிடுவது என்று கேட்டு அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள்.