"போஸ்ட்டாக்னா போஸ்ட்டாபீஸ் வேலையா?"

(காரைக்குடி வீட்டுத் திண்ணை. கையில் காபி டம்ளர்.)

வணக்கம் மக்களே! பிஎச்டி முடிக்கப்போகிற நேரத்தில் ஒரு கல்யாண வீட்டில் மாட்டினேன். "இன்னமுமாப்பா படிக்கிறே?" என்றார் ஓர் ஆச்சி. "போஸ்ட்டாக் தேடுறேன் ஆச்சி" என்றேன். "போஸ்ட்டாபீஸ் வேலையா? நல்லதுதான்" என்று எழுந்து பந்திக்குப் போய்விட்டார்.

போஸ்ட்டாக் என்றால், பிஎச்டி முடித்தபின் ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் சில வருடம் பார்க்கிற ஆராய்ச்சி வேலை. அன்றைக்குச் சொல்லாத பதில் இதோ. ஆச்சி, உங்க அப்பச்சி வட்டிக்கடை வேலைக்குப் பர்மாவுக்குப் போனாகளே, அதேதான் இது!

சிரிக்காதீர்கள். அந்தக் காலத்தில் செட்டியார்களின் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகி, கடைசியில் தனிக்கடை போடுவார்கள். பிஎச்டி மாணவர் பெட்டியடிப் பையன் என்றால் போஸ்ட்டாக் அடுத்தாள். பேராசிரியர்தான் முதலாளி. அங்கே முதலாளிக்காகக் கடையை நடத்தும் ஏஜெண்டுக்கு மூன்று வருடத் தவணை. இங்கேயும் பெரும்பாலும் இரண்டு, மூன்று வருடம்தான். சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கியில், அதாவது அவர்கள் தங்கித் தொழில் செய்த கட்டடத்தில், ஒரே நீளக் கூடத்தில் பல கடைக்காரர்கள் ஆளுக்கொரு பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆய்வகத்திலும் உங்களுக்கு ஒரு மேசைதான், பக்கத்து மேசைக்காரர் தும்மினால் உங்கள் தராசு ஆடும்.

அவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தது உறவும் ஊரும். நமக்கும் பாதி அப்படித்தான். பல இடங்கள் விளம்பரத்துக்கே வராது, ஒரு பேராசிரியர் இன்னொருவரிடம் "நல்ல பையன் யாராவது உண்டா?" என்று கேட்பதோடு முடிந்துவிடும். அதனால் கைடிடம் கேளுங்கள், வெளிநாடு போன சீனியரிடம் கேளுங்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1953-இல் திறந்த சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இந்த ஊரிலேயே இருக்கிறது. அங்கே படித்த சீனியர் ஒருவராவது உங்களுக்குத் தெரியாமலா இருப்பார்?

பெல்லோஷிப் (ஆய்வு உதவித்தொகை) விதிகள் வேகமாக: நம் நாட்டு என்பிடிஎப், அதாவது தேசிய போஸ்ட்டாக் பெல்லோஷிப், இரண்டு வருடம், முதலிலேயே ஒரு வழிகாட்டி வேண்டும். ஐரோப்பாவின் மேரி கியூரி பெல்லோஷிப் என்றால், போகிற நாட்டில் கடைசி 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. சரி, போரடிக்கிறது.

இப்போது, இடம் கேட்டுப் பேராசிரியர்களுக்கு அனுப்பும் மெயில். நான் ஒரே மெயிலை நாற்பது பேருக்கு அனுப்பினேன். அதில் ஒருவருக்குப் போனதில் இன்னொருவர் பெயர்! பதில் எத்தனை வந்தது என்று கேட்காதீர்கள். அப்புறம்தான் முதல் வரியை இப்படி மாற்றினேன்: "உங்கள் கட்டுரையின் நான்காம் படத்தில் ஐம்பது சார்ஜுக்குப் பிறகு பேட்டரியின் கொள்ளளவு சரிகிறது. அதே சரிவை நான் எலக்ட்ரோலைட்டில் ஒரு பொருள் சேர்த்துக் குறைத்திருக்கிறேன்." ஐந்தே நாளில் பதில். "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில்..." என்று தொடங்குவதை இன்றோடு விட்டுவிடுங்கள், புண்ணியமாகப் போகும். சிவியை இணையுங்கள். பதில் இல்லையா, இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். இதையெல்லாம் தீசிஸ் கொடுத்தபிறகு தொடங்கக் கூடாது, ஒரு வருடம் முன்னாலேயே தொடங்க வேண்டும்.

உங்களுக்கு மிக மோசமாக வந்த பதிலைக் கமெண்டில் போடுங்கள், சேர்ந்து அழுவோம்.

பி.கு.: ஆச்சியிடம் இந்த வீடியோவைக் காட்டினேன். "கிட்டங்கியில சமையலாள் உண்டு. உனக்கு?" என்றார். இல்லை என்றேன். ஒரு டப்பா மோர்மிளகாய் வந்துவிட்டது.