பெஞ்சில் இருப்பவன் தோற்பதில்லை

நேயர்களே, வணக்கம்.

கால்பந்து ஆட்டம் தொடங்குவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்னால் பதினோரு பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்று வெளியாகும். என்னைப் போன்றவர்களுக்கு ஆட்டம் அப்போதே தொடங்கிவிடுகிறது. சில வாரங்களில் அப்போதே முடிந்தும்விடுகிறது.

நான் முப்பது வருடமாக ஒரே அணியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பவன். அணியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப் பேர் சிரிப்பீர்கள், மீதிப் பேர் வானொலியை அணைத்துவிடுவீர்கள். இந்த சீசனில் எங்கள் இடதுபக்க டிஃபென்டருக்குப் பின்னால் ஒரு பெரிய காலி இடம் இருக்கிறது. மனிதர் பந்தோடு முன்னால் ஓடிவிடுவார். திரும்பி வர நேரமாகும். எதிரணிகள் எல்லாம் அதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டன. கால்பந்தே பார்க்காத என் மனைவி, போன மாதம் அறையைக் கடந்து போகும்போது தொலைக்காட்சியை ஒரு நொடி பார்த்துவிட்டு, "அந்த ஓரத்துல ஏன் யாருமே இல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எங்கள் மேனேஜர் மட்டும் இன்னும் கேட்கவில்லை. அடுத்த வாரம் பட்டியல் வருகிறது. இடதுபக்கம் அதே பெயர்.

மேனேஜர் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் பயன்படுத்துகிறேன். பயிற்சியாளர் என்றால் சொல்லிக்கொடுப்பவர் என்று ஆகிவிடும். இவர் அதோடு நிற்பதில்லை. யார் ஆடுவது, யார் உட்காருவது, வீரர்களை எந்த ஃபார்மேஷனில் நிறுத்துவது, எப்போது யாரை வெளியே அழைப்பது, எல்லாம் இவர் கையில். எப்போதும் அப்படி இருந்ததில்லை. இங்கிலாந்து தேசிய அணிக்கு 1946 முதல் 1962 வரை வால்டர் வின்டர்பாட்டம் மேனேஜராக இருந்தார். ஆனால் பதினொருவரைத் தேர்ந்தெடுத்தது ஒரு தேர்வுக் குழு. அடுத்து வந்த ஆல்ஃப் ராம்சே, அணியை நான்தான் தேர்ந்தெடுப்பேன் என்று பேசி முடித்துவிட்டுத்தான் வேலையை ஏற்றார். 1966இல் உலகக் கோப்பையையும் வென்றார். குழு தேர்ந்தெடுத்த காலத்தில் யாரைத் திட்டுவது? குழுவுக்கு முகம் கிடையாது. இப்போது கோட்டுக்கு வெளியே, எல்லாக் கேமராக்களும் பார்க்க, ஒரு மனிதர் தனியாக நிற்கிறார்.

மாற்று வீரர் என்ற ஏற்பாடே இங்கிலாந்து லீகில் 1965இல்தான் வந்தது. அதுவும் ஒரே ஒருவர், அடிபட்டால் மட்டும். இன்று பிரீமியர் லீகில் ஐந்து பேரை மாற்றலாம். தன் கணக்கு தப்பிவிட்டது என்று எல்லோர் கண் முன்னாலும் ஒப்புக்கொள்ள மேனேஜருக்கு ஐந்து வாய்ப்புகள் என்றும் இதைச் சொல்லலாம். அங்கே அரங்குகளில் ஒரு பாட்டு உண்டு. ரசிகர்களுக்குப் பிடித்த வீரரை வெளியே அழைத்துவிட்டு வேறொருவரை இறக்கினால், கூட்டம் முழுவதும் மேனேஜரைப் பார்த்து, "என்ன செய்றோம்னே உனக்குத் தெரியல" என்ற பொருளில் பாடும். ராகம் போட்டு, கை தட்டி. ஸ்பெயினில் கொஞ்சம் நாகரிகம் அதிகம். வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து ஆட்டுவார்கள். வாயே திறக்க வேண்டாம்.

தோற்பதால்தான் ரசிகனுக்குக் கோபம் வருகிறது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். முப்பது வருடத்தில் நான் தோல்விக்குப் பழகிவிட்டேன். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லையே என்பதுதான் பொறுக்க முடியாதது.

2014 பிப்ரவரி 9. ஓல்ட் டிராஃபோர்ட் மைதானம். டேவிட் மோயஸின் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும், புள்ளிப் பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்த ஃபுல்ஹாமுக்கும் ஆட்டம். யுனைடெட் வீரர்கள் அன்று ஓரங்களிலிருந்து கோல் முகத்தை நோக்கித் தூக்கிப் போட்ட கிராஸ்கள் மொத்தம் 81. தொண்ணூறு நிமிடத்தில் 81 என்றால், ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒன்று. எதிரே நின்ற ஃபுல்ஹாம் டிஃபென்டர்களில் ஒருவர் டான் பர்ன், ஆறரை அடிக்குக் குறையாத உயரம். பந்து வருகிறது, அவர் தலையால் முட்டுகிறார். மறுபடி வருகிறது, மறுபடி முட்டுகிறார். ஃபுல்ஹாம் ஒரு கோல் அடித்து முன்னிலையில் இருக்கிறது. எதிரணி நடுவில் கூட்டமாக நிற்கும்போது ஓரத்துக்குப் போவது தவறில்லை. ஆனால் இருபது கிராஸ் போட்டும் எதுவும் நடக்கவில்லை என்றால், இருபத்தொன்றாவதைப் போடுவதற்கு முன் யாராவது ஒருவர் யோசிக்க வேண்டாமா? கடைசிப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் வான் பெர்சியும் கேரிக்கும் அடுத்தடுத்து கோல் அடித்து 2-1 ஆக்கினார்கள். அத்தனை நேரம் திட்டியவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கூடுதல் நேரத்தில் ஃபுல்ஹாமின் டாரன் பென்ட் அடித்தார். 2-2. அந்தச் சமநிலை பல தோல்விகளைவிட அதிகமாக உறுத்தியது. ஆறு வருட ஒப்பந்தத்தோடு வந்த மோயஸ், அந்த ஏப்ரலிலேயே வெளியே அனுப்பப்பட்டார்.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்திருக்கிறது. 2023 நவம்பர் 6. டாட்டன்ஹாமின் மேனேஜர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆஞ்ச் போஸ்டகோக்லு. அவர் கொள்கை ஹை லைன். டிஃபென்டர்கள் தங்கள் கோலுக்குப் பக்கத்தில் நிற்காமல் நடுக்கோடு வரை ஏறி நிற்பார்கள். எதிரணிக்கு மூச்சுவிட இடமிருக்காது. ஆனால் பின்னால் பாதி மைதானம் திறந்து கிடக்கும். ஒரு நல்ல பாஸ், ஒரு வேகமான கால், கதை முடிந்தது. செல்சியோடு அன்று ஆட்டம். டாட்டன்ஹாமின் ரொமேரோவுக்கு ரெட் கார்டு. பிறகு உடோகிக்கும் ரெட் கார்டு. ஒன்பது பேர் மிச்சம், ஸ்கோர் 1-1. வேறு எந்த மேனேஜராக இருந்தாலும் ஒன்பது பேரையும் கோல் வாசலில் கொண்டுவந்து சுவர் எழுப்பியிருப்பார். இவர் அப்போதும் நடுக்கோட்டில்தான் நிறுத்தினார். 75ஆவது நிமிடம் வரை தாக்குப்பிடித்தார்கள். அதன்பின் நிக்கோலஸ் ஜாக்சன் மூன்று கோல். 4-1 தோல்வி. ஆட்டம் முடிந்ததும் டாட்டன்ஹாம் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்!

அந்தக் கைதட்டலை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். தோற்ற மேனேஜருக்கு அது எப்படிக் கிடைத்தது? அவர் என்ன செய்யப் பார்க்கிறார் என்பது அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் தெளிவாகத் தெரிந்தது. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் புரிந்த பைத்தியக்காரத்தனம்.

அடுத்த சீசனில் அதே மனிதர், அதே ஹை லைன். டிஃபென்டர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காயத்தில் விழுகிறார்கள். கோடு மட்டும் இறங்கவில்லை. 38 லீக் ஆட்டங்களில் 22 தோல்வி, கடைசியில் 17ஆம் இடம். கைதட்டிய அதே கைகள் இப்போது தலையில் இருந்தன. வென்றுகொண்டிருந்தால் அதற்குப் பெயர் கொள்கைப்பிடிப்பு. தோற்கத் தொடங்கினால் அதற்கே பெயர் வறட்டுப் பிடிவாதம். இதை நாங்கள் கூச்சமே இல்லாமல் மாற்றிக்கொள்வோம்.

அதே சீசனில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 2024 நவம்பரில் வந்தவர் ரூபன் அமோரிம். பின்னால் மூன்று சென்டர் டிஃபென்டர்கள், இரு ஓரங்களிலும் ஏறி இறங்கும் விங் பேக்குகள். லிஸ்பனில் அதைத்தான் ஆடி வென்றார். இங்கே அவர் கைக்கு வந்ததோ நால்வர் தடுப்புக்காக வாங்கிச் சேர்த்த அணி. சட்டைக்கு உடம்பு பொருந்தவில்லை என்றால் சட்டையை மாற்றுவதா, உடம்பை மாற்றுவதா? அவர் உடம்பை மாற்றப் போனார். யுனைடெட் 15ஆம் இடத்தில் முடித்தது. அதற்கடுத்த சீசனின் தொடக்கத்தில், போப்பே வந்து சொன்னாலும் என் முறையை மாற்ற மாட்டேன் என்று செய்தியாளர்களிடம் சொன்னார். அன்று சிரித்தவர்களில் பாதிப் பேர் யுனைடெட் ரசிகர்களாக இருந்திருக்க மாட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், லீகில் இவ்வளவு தள்ளாடிய இந்த இரண்டு அணிகளும்தான் 2025 மே 21 அன்று பில்பாவோவில், ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில் சந்தித்தன. அமோரிம் அன்றும் அதே மூவர் தடுப்போடு வந்தார். கார்னாச்சோவைப் பெஞ்சில் வைத்துவிட்டு மேசன் மவுன்ட்டைத் தொடக்கத்திலேயே இறக்கினார். பட்டியல் வந்த நொடியிலிருந்து அந்தச் சண்டை ஓயவில்லை. போஸ்டகோக்லுவோ, ஒன்பது பேரோடுகூடச் செய்யாததை அன்று பதினொரு பேரோடு செய்தார். முதல் பாதியில் பிரென்னன் ஜான்சன் அடித்த ஒரு கோலை வைத்துக்கொண்டு, அணியைக் கீழே இறக்கி, பந்தை எதிரணியிடமே விட்டுவிட்டார். ஹோய்லுண்ட் தலையால் முட்டிய பந்து கோலுக்குள் போக இருந்தபோது, வான் டி வென் காற்றில் காலைத் தூக்கிக் கோட்டிலிருந்து தட்டிவிட்டார். 1-0. பதினேழு வருடத்தில் டாட்டன்ஹாமுக்கு முதல் கோப்பை. தன் கொள்கையைக் கழற்றி மூலையில் வைத்த இரவில்தான் அது கிடைத்தது. பதினாறே நாளில் அவரை வேலையைவிட்டு அனுப்பினார்கள்.

இவ்வளவு சொல்கிறேனே, நாங்கள் மட்டும் சரியா? 1989 டிசம்பரில், மூன்று வருடமாகச் சாக்குப்போக்கு, இன்னும் உருப்படவில்லை, போய் வாரும் ஃபெர்கி என்ற பொருளில் ஓல்ட் டிராஃபோர்டில் ஒரு பேனர் எழுந்தது. அந்த ஃபெர்கி, அதாவது மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசன், அதன்பின் யுனைடெட்டுக்குப் பதின்மூன்று லீக் பட்டங்களை வென்று கொடுத்தார். அந்த சீசனிலேயே எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம் கிரிஸ்டல் பேலஸோடு 3-3 என்று முடிந்தது. மறு ஆட்டத்துக்கு அவர் தன் நீண்ட நாள் கோல்கீப்பர் ஜிம் லைட்டனை நீக்கிவிட்டு, கடனுக்கு வந்திருந்த லெஸ் சீலியை நிறுத்தினார். 1-0 வெற்றி. சீலி அன்று ஒரு பந்தை நழுவவிட்டிருந்தால், அந்தப் பேனர் மறுபடி வெளியே வந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. லைட்டனின் யுனைடெட் காலம் ஏறக்குறைய அத்தோடு முடிந்தது. அவர் மனம் ஆறவே இல்லை.

2021 ஆகஸ்டில் ஆர்சனல் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்று, ஒரு கோல்கூட அடிக்காமல், ஒன்பது வாங்கி, புள்ளிப் பட்டியலின் கடைசியில் நின்றது. மேனேஜர் அர்டேட்டாவை அனுப்பு என்று ஊரே கூவியது. அனுப்பவில்லை. 2023, 2024, 2025 என்று மூன்று சீசன்கள் தொடர்ந்து இரண்டாம் இடம். அதே கிளப்பில் முன்பு மேனேஜராக இருந்த வெங்கரின் கடைசிக் காலத்தில், வெஸ்ட் பிராமில் ஓர் ஆட்டத்தின்போது, அவர் போக வேண்டும் என்று ஒரு விமானம் பேனரை இழுத்துக்கொண்டு பறந்தது. அவர் இருக்க வேண்டும் என்று இன்னொரு விமானம். கீழே அணி 3-1 என்று தோற்றது.

பாஸ் டெர் வீல் என்ற பொருளியலாளர் நெதர்லாந்து லீகின் 1986 முதல் 2004 வரையிலான காலத்தை ஆராய்ந்திருக்கிறார். மேனேஜரை அனுப்பிய அணிகள் பிறகு தேறின. அதே சரிவில் இருந்தும் அனுப்பாத அணிகளும் ஏறக்குறைய அதே போலத் தேறின. ஆறுதலாகவும் இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது.

எங்களுக்குத் தெரிவது தொண்ணூறு நிமிடம் மட்டும். வாரம் முழுக்கப் பயிற்சியில் நடப்பது, யாருடைய தொடைத் தசை இழுத்துக்கொண்டிருக்கிறது, யார் தூங்காமல் வருகிறான், எதுவும் தெரியாது. ஓட்டை எங்கே இருக்கிறது என்று ரசிகன் காட்டினால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதை எதை வைத்து அடைப்பது என்று அவன் சொல்வதைத்தான் நம்பக்கூடாது. எங்கள் அணியில் பெஞ்சில் ஒரு பத்தொன்பது வயதுப் பையன் இருக்கிறான், இடதுபக்க டிஃபென்டர். அவனை இறக்கு, அவனை இறக்கு என்று நாங்கள் நான்கு மாதமாகத் தொண்டை கிழியக் கத்துகிறோம். ஒரு கோப்பை ஆட்டத்தில் கடைசிப் பத்து நிமிடம் இறக்கினார்கள். வழுக்கி விழுந்தான், கோல் விழுந்தது. உடனே நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? தொடர்ந்து ஆடவிடாததால்தான் இப்படி ஆகிவிட்டது! பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் எந்த ஆட்டத்திலும் தோற்பதில்லை. அதனால்தான் அவன் எப்போதும் எங்களுக்கு மிகச் சிறந்த வீரன்.

இருந்தாலும் மேனேஜர் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லலாம். அந்த ஓரம் பலவீனமாக இருக்கிறது, எனக்கும் தெரிகிறது, இன்ன காரணத்தால் மாற்றவில்லை என்று. அதைச் சொல்லாமல், வீரர்களிடம் வேகம் போதவில்லை, பொறுமை வேண்டும், நல்ல திசையில்தான் போகிறோம் என்றால், கேட்பவனுக்கு ரத்தம் கொதிக்காமல் என்ன செய்யும்?

இன்றும் எங்களுக்கு ஆட்டம் இருக்கிறது. ஒலிப்பதிவு அறைக்குள் கைபேசியை அணைத்துவிட்டு வரச் சொன்னார்கள். அணைக்கும் நேரத்தில்தான் பட்டியல் வந்தது. முழுவதும் படிக்க முடியவில்லை. கோல்கீப்பர், அப்புறம் நான்கு டிஃபென்டர்கள், அவ்வளவுதான் பார்த்தேன். இடதுபக்கம் அதே பெயர். இப்போது முதல் பாதி முடிந்திருக்கும். இரண்டாவது பாதியையாவது பார்க்க வேண்டும், நான் கிளம்புகிறேன்.

வணக்கம்.