மணலுக்குள் வாழும் அயிரை

நேயர்களுக்கு வணக்கம்.

அயிரை என்றதும் மதுரைப் பக்கத்தில் குழம்புதான் நினைவுக்கு வரும். இன்று அந்த மீன் ஆற்றில் எப்படிப் பிழைக்கிறது என்று பார்ப்போம்.

வளர்ந்த அயிரையே விரல் நீளம்தான். வாயைச் சுற்றி 4 ஜோடி மீசை. கண்ணுக்குக் கீழே இரட்டை முனை முள் ஒன்று தோலில் மடங்கிக் கிடக்கும். பிடித்தால் விறைத்து நிற்கும். திருகோணமலை கன்னியா வெந்நீர் ஊற்றில் கிடைத்த மீனை வைத்துத்தான் 1846இல் இதற்கு, வெப்பத்தைக் குறிக்கும் ‘தெர்மாலிஸ்’ என்று அறிவியல் பெயர் வைத்தார்கள்.

ஆபத்து என்றால் தலையை முன்னே விட்டு ஒரே நெளிப்பில் மணலுக்குள் போய்விடும். கண் மட்டும் வெளியே தெரியும். இரையும் அங்கேதான். வாய் நிறைய மணலை அள்ளி, புழு, பாசித்துணுக்கு, மக்கிய குப்பையை நிறுத்திக்கொண்டு, மிச்சத்தைச் செவுள் வழியே தள்ளும். கொஞ்சம் மண் குடலுக்கும் போகும். சமைக்குமுன் உயிரோடு தேங்காய்ப்பாலில் விடுவது அதைக் கக்க வைக்கத்தான்.

தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கும். குடலே அதை உறிஞ்சிக்கொள்ளும். சந்தையில் கொஞ்சத் தண்ணீரில் அத்தனை அயிரை துள்ளுவது இதனால்தான். ஆகவே அயிரை இருப்பதை வைத்து ஆறு சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. அங்கே மணல் இருக்கிறது என்று சொல்லலாம்.

அந்த மணல்தான் இன்று பறிபோகிறது. நொய் போன்ற பொடிமணலை அள்ளிவிட்டால் அடியில் இறுகிய களியோ பாறையோதான் மிஞ்சும். அதில் அயிரையால் புதைய முடியாது. கொக்குக்கும் நாரைக்கும் நேராக இரையாகும். தோண்டிய பள்ளத்தில் சேறு படியும், விராலும் ஜிலேபி மீனும் குடியேறும். மறுபடி மணல் வந்து சேர வெள்ளம் வேண்டும். அதையும் அணைகள் தடுத்துவிடுகின்றன. என்னைக் கேட்டால், ஆற்றில் அயிரைக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விடுவதைவிட மணலை விட்டுவைப்பதே முதல் வேலை.

வீட்டுத் தொட்டியில் வளர்ப்பவர்கள் 2 அங்குல உயரத்துக்குக் கழுவிய ஆற்றுமணல் போடுங்கள். உடைத்த ஜல்லி கூடாது; மீசை தேய்ந்து புண்ணாகும், இரை தேட முடியாமல் மீன் மெலியும். துள்ளி வெளியே விழும், மூடி அவசியம். இடம் மாற்றும்போது வலை வேண்டாம்: கண்ணுக்குக் கீழுள்ள முள் வலைக்கண்ணில் மாட்டி முகம் கிழிந்துவிடும். கிண்ணத்தால் தண்ணீரோடு சேர்த்து மொள்ளுங்கள்.

வணக்கம்.