டிகிரியா, தொழிற்பயிற்சியா? ஐடி வேலைக்கு எது கைகொடுக்கும்?

[திரையில்: பிரவுசர். சுத்திக்கிட்டே இருக்கிற வட்டம்.]

ஆபீஸ்ல ஒருத்தருக்கும் எந்த வெப்சைட்டும் திறக்கல. ஆனா பிங் 8.8.8.8 அடிச்சா, அதாவது கூகுளோட ஒரு சர்வரை அதோட நம்பரை வச்சுக் கூப்பிட்டா, பதில் வருது. கோளாறு எங்கே? வீடியோவை நிறுத்திட்டு, கமெண்ட்ல உங்க பதிலைப் போட்டுட்டு வாங்க.

முதல்ல சந்தேகப்பட வேண்டியது டிஎன்எஸ். லைன் நல்லாத்தான் இருக்கு. வெப்சைட் பேரை ஐபி முகவரியா, அதாவது நம்பரா, மாத்திக் கொடுக்கிற இந்தச் சேவைதான் படுத்திருக்கு. அடுத்து, டிஎன்எஸ்-கிட்ட நேரடியா கேட்கிற என்எஸ்லுக்கப் கட்டளையை அடிச்சுப் பார்க்கணும். அதுலயும் பதில் வரலன்னா, கம்ப்யூட்டருக்குத் தானா நெட்வொர்க் செட்டிங் கொடுக்கிற டிஹெச்சிபி எந்த டிஎன்எஸ் முகவரியைக் கொடுத்திருக்குன்னு பார்க்கணும். நல்ல தொழிற்பயிற்சி முடிச்சவங்களுக்கு இந்த வரிசை கையிலயே ஊறியிருக்கும். லேப்ல வேணும்னே செட்டிங்கை மாத்தி வச்சுட்டு, "கண்டுபிடி"ன்னு விட்டிருப்பாங்க.

பின்னணியை ஒரே மூச்சுல சொல்லிடறேன். டிகிரின்னா மூணு, நாலு வருஷம். தொழிற்பயிற்சின்னா சில மாசத்துல இருந்து ரெண்டு, மூணு வருஷம் வரைக்கும்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம்.

[திரையில்: பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பட்டியல்.]

ரெண்டு வாடிக்கையாளர் பட்டியல். ரெண்டுலயும் இருக்கிற பேரைக் கண்டுபிடிக்கணும். சட்டுன்னு தோணுற வழி: முதல் பட்டியல்ல ஒரு பேரை எடு, ரெண்டாவதை மேல இருந்து கீழ வரைக்கும் தேடு, அடுத்த பேருக்குப் போ. நூறு நூறு பேரை வச்சு டெஸ்ட் பண்ணினா 10,000 ஒப்பீடு. கண் சிமிட்டறதுக்குள்ள முடிஞ்சிடும். "ஓடுது"ன்னு சொல்லி லைவ்ல போட்டுடுவோம்.

லைவ்ல ஒவ்வொரு பட்டியல்லயும் ஒரு லட்சம் பேர். லட்சத்தை லட்சத்தால பெருக்குங்க: 1000 கோடி ஒப்பீடு! நொடிக்கு ஒரு கோடி ஒப்பீடு செய்யற மெஷினா இருந்தாலும் 1000 நொடி, கிட்டத்தட்ட 17 நிமிஷம். ரெண்டு மடங்கு வேகமான சர்வர் வாங்கினா எட்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும். ஆனா பட்டியல் ரெண்டும் இரட்டிப்பானா வேலை நாலு மடங்காகும். காசைக் கொட்டி இதை ஜெயிக்க முடியாது.

இதையே டிகிரியில டேட்டா ஸ்ட்ரக்சர், அதாவது தகவலை அடுக்கி வைக்கற முறைகளை, படிச்சவர் எப்படிச் செய்வார்? ரெண்டாவது பட்டியலை ஒரு ஹாஷ் டேபிள்ல, அதாவது ஒரு பேர் இருக்கான்னு கேட்டா மொத்தத்தையும் தேடாம சட்டுன்னு சொல்ற அமைப்புல, போட்டு வச்சுட்டு, முதல் பட்டியல்ல இருக்கிற ஒவ்வொரு பேரும் அதுல இருக்கான்னு மட்டும் கேட்பார். போட ஒரு லட்சம், கேட்க ஒரு லட்சம். மொத்தமே சுமார் ரெண்டு லட்சம் படிதான். ஒரு நொடிகூட ஆகாது. மாத்தினது நாலஞ்சு வரி கோடுதான்!

தொழிற்பயிற்சிக்காரங்களுக்கு இது புரியாதுன்னு சொல்லல. பல பயிற்சிகள்ல இதை அவங்க முன்னாடி யாரும் வைக்கறதே இல்லை. அதே மாதிரி, டிகிரி முடிச்ச பலர் ஒரு பேக்கப்பை ஒரு தடவைகூட ரீஸ்டோர் பண்ணிப் பார்த்திருக்க மாட்டாங்க. சர்வர் விழுந்த அன்னைக்குத்தான் பேக்கப் ஃபைல் காலியா இருக்கிறது தெரியும்.

அறிவோட ஆயுளையும் பாருங்க. சிஸ்கோ கம்பெனி கொடுக்கிற சிசிஎன்ஏ நெட்வொர்க் சான்றிதழ் மூணு வருஷம்தான் செல்லும், அப்புறம் புதுப்பிக்கணும். ஆனா கம்ப்யூட்டர் விஞ்ஞானி டோனி ஹோர் 1961-ல வெளியிட்ட குயிக்சார்ட்டை, அதாவது பட்டியலை வரிசைப்படுத்தற முறையை, இன்னைக்கும் கல்லூரியில படிக்கறாங்க.

ஹெல்ப் டெஸ்க், நெட்வொர்க், சிஸ்டம் அட்மின், வெப் வேலைன்னா பயிற்சியே போதும். மெஷின் லேர்னிங் ஆராய்ச்சி, கம்பைலர் (கோடை மெஷின் மொழிக்கு மாத்தற மென்பொருள்), கிரிப்டோகிராஃபி (தகவலை ரகசியமாக்கற கணிதம்)ன்னா டிகிரி வேணும். வெளிநாடு போற எண்ணம் இருந்தா விசா விதியை முதல்ல படிங்க. அமெரிக்காவோட ஹெச்-1பி வேலை விசாவுக்கு இளங்கலைப் பட்டமோ, அதுக்குச் சமமான தகுதியோ இல்லாம வழியில்லை.

[திரையில்: 192.168.1.0/26]

பயிற்சி மையத்துல பணம் கட்டறதுக்கு முன்னாடி, அங்க படிச்சு முடிக்கப்போற ஒருத்தர்கிட்ட இதைக் காட்டுங்க. எத்தனை கம்ப்யூட்டருக்கு முகவரி கொடுக்கலாம்னு கேளுங்க. ஐபி முகவரியோட 32 பிட்டுல 26 நெட்வொர்க்குக்குப் போயிடும், மிச்சம் 6 பிட். ரெண்டை ஆறு தடவை பெருக்கினா மொத்தம் 64 முகவரி. நெட்வொர்க்கோட பேருக்கு ஒண்ணு, எல்லாருக்கும் ஒரே நேரத்துல அனுப்பற பிராட்காஸ்ட்டுக்கு ஒண்ணு போக 62. பேப்பர்ல போட்டுக் காட்டிட்டா பாடம் நடந்திருக்குன்னு அர்த்தம். முழிச்சா வேற இடம் பாருங்க. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் லேப், ஆளுக்கொரு மெஷின் உண்டா, அதைக் கெடுத்துத் திரும்ப நிறுவ விடுவாங்களான்னும் கேளுங்க. கல்லூரியிலயும் இதே கேள்விதான்.

இன்னும் முடிவு பண்ண முடியலையா? பயிற்சியில ஆரம்பிங்கன்னுதான் நான் சொல்வேன். இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமான்னு சில மாசத்துலயே தெரிஞ்சிடும். ஆனா ஒரு விஷயத்தைச் சேர்றதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க: பின்னாடி டிகிரி சேர்ந்தா இந்தப் பயிற்சியோட கிரெடிட்டை (படிச்சதுக்கான கணக்கை) எந்தப் பல்கலைக்கழகம் ஏத்துக்கும், எத்தனை செமஸ்டர் குறையும்னு பயிற்சி மையத்துல மட்டும் கேட்காதீங்க. அந்தப் பல்கலைக்கழகத்துக்கே எழுதி, பதிலையும் எழுத்துல வாங்குங்க.