நேற்று ஒன்றும் நடக்கவில்லை

(சிறுவர்களுக்கான எழுத்துப் பட்டறை ஒன்றின் தொடக்கத்தில் பேசியது. பேசியபடியே எழுதியிருக்கிறேன், இரண்டு மூன்று இடங்களில் மட்டும் விட்டுப்போனதைச் சேர்த்தேன்.)

எல்லோருக்கும் வணக்கம். முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக இன்னொரு வணக்கம். நீங்களாக வந்தீர்களா, பின்னால் நாற்காலியில் இருப்பவர்கள் இழுத்து வந்தார்களா என்று எனக்குத் தெரியாது. இழுத்து வந்திருந்தாலும் பரவாயில்லை, அதையே எழுதலாம்.

இந்த மாதிரிப் பட்டறைகளில் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "நல்லா பேசுறான் சார், ஆனா எழுதச் சொன்னா எதைப் பத்தி எழுதன்னு கேக்குறான்." பிள்ளைகள் சொல்வதும் ஒன்றுதான்: "எனக்கு ஒண்ணுமே தோணலை."

ஒரு பையன், பத்து வயது இருக்கும், பட்டறையின் முதல் நாளில் வெறும் தாளைப் பார்த்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தான். நேற்று நடந்ததை எழுதேன் என்றேன். "நேத்து ஒண்ணும் நடக்கலை." அவனைக் குறை சொல்லவே முடியாது, காலையில் எழுந்து பள்ளிக்குப் போய்த் திரும்பி வந்து தூங்கிய ஒருவனிடம் திடீரென்று என்ன நடந்தது என்று கேட்டால் வேறென்ன சொல்வான்? கேள்வியை மாற்றிப் பார்த்தேன். "நேத்து கடைசியா எதைத் தேடினே?" உடனே பதில் வந்தது. "செருப்பு. ஒத்தைச் செருப்பு. இடது கால்." எங்கே தேடினாய் என்றேன். கட்டிலுக்கு அடியில். அங்கே என்ன இருந்தது? கொஞ்சம் தயங்கிவிட்டு, அப்பாவின் கைக்கடிகாரம் என்றான். அது ஒரு மாதத்துக்கு முன்னால் தொலைந்துபோன கடிகாரம், வீட்டில் அதற்காகப் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. சரி, எடுத்து அப்பாவிடம் கொடுத்தாயா? இல்லை, இன்னும் உள்ளே தள்ளி வைத்துவிட்டு வந்துவிட்டானாம். ஏன் என்று நான் கேட்கவில்லை. "எழுது" என்று மட்டும் சொன்னேன். ஒன்றரைப் பக்கம் எழுதினான். அதை மேடையில் சொல்ல அவனிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன், ஆனால் ஏன் தள்ளி வைத்தான் என்பதை மட்டும் சொல்லக்கூடாது என்று நிபந்தனை போட்டிருக்கிறான்.

ஒன்றும் நடக்காத நாளில் இவ்வளவு நடந்திருக்கிறது. அவனுக்குக் கற்பனை இல்லாமல் இல்லை, நான் கேட்ட கேள்விதான் அகலமாக இருந்தது. நாம் கொடுக்கும் தலைப்புகளைப் பாருங்கள். 'இயற்கையின் அழகு', 'நட்பின் பெருமை', 'நான் ஒரு பறவையானால்'. இவற்றைப் பார்த்ததும் பிள்ளை தன் தலைக்குள் தேடுவதை விட்டுவிட்டு, இதற்கு முன் யாரோ எழுதிய கட்டுரையை ஞாபகப்படுத்திக்கொள்ள ஆரம்பிக்கிறது. 'மழை உயிர்களின் ஆதாரம் ஆகும்' என்று எழுதிவிடும். எந்த வீட்டிலாவது மழை பெய்யும்போது யாராவது அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? துணியை எடு, ஜன்னலைச் சாத்து என்றுதானே கத்துவோம்? கட்டுரை அந்தக் கத்தலில் தொடங்க வேண்டும்.

சின்னதைப் பார்த்து எழுதுவது ஏதோ இன்றைக்கு வந்த புதுப் பாணி என்று நினைக்க வேண்டாம். குறுந்தொகையின் 41ஆம் பாட்டை எழுதியவரின் பெயர் நமக்குத் தெரியாது. காதலன் பக்கத்தில் இருந்தால் விழா நடக்கும் ஊர் மாதிரி மகிழ்வேன், அவன் பிரிந்தால் ஆட்கள் விட்டுப்போன வீட்டைப் போலக் களையிழந்து வருந்துவேன் என்று ஒரு பெண் தோழியிடம் சொல்கிறாள். ஆட்கள் போன வீடு என்பதோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு செய்தி. அந்த வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடிக்கொண்டிருக்கிறது என்று அந்தக் கவிஞர் ஒன்றைச் சேர்த்தார். மனிதர்கள் இருந்தால் அணில் அப்படி நடுமுற்றத்தில் ஆடாது, இல்லையா? அந்த ஒரு அணிலால்தான் அவருக்கு 'அணிலாடு முன்றிலார்' என்றே பெயர் வைத்தார்கள். சொந்தப் பெயர் போய்விட்டது, பார்த்த காட்சி பெயராக நிற்கிறது.

இன்னொருவர் ஜப்பானில் இருந்தார். சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன் அரசியின் பணிப்பெண்ணாக அரண்மனையில் வாழ்ந்த செய் ஷோனாகன். அவருடைய 'தலையணைப் புத்தக'த்தில் நிறையப் பட்டியல்கள் வரும், நடுநடுவே சம்பவங்களும் உண்டு. எரிச்சலூட்டுபவை என்று ஒரு பட்டியல். அவசர வேலை இருக்கும்போது வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கும் விருந்தாளி அதில் இருக்கிறார், கண் சொக்கும் நேரத்தில் காதருகே மெல்லிய குரலில் வந்து தன்னை அறிவித்துக்கொள்ளும் கொசுவும் இருக்கிறது. 1000 வருடமாகக் கொசு மாறவில்லை பாருங்கள்.

பட்டியல் என்றால் பிள்ளைகளுக்குப் பயமே இல்லை. வாக்கியம் வேண்டாம், தொடக்கம் முடிவு வேண்டாம், ஒரு வரி எழுதினால் ஒரு வரி முடிந்தது. நான் கொடுக்கும் தலைப்புகள் சிலவற்றைச் சொல்கிறேன். நான் தொலைத்தவை. வீட்டில் யாருமே உட்காராத இடங்கள். இருட்டில் வேறு மாதிரித் தெரியும் சாமான்கள். அம்மா போனில் பேசும்போது மட்டும் வரும் குரல்கள். பெரியவர்கள் சொல்லும் சின்னச் சின்னப் பொய்கள். பின்னால் சிரிப்பவர்கள் கொஞ்சம் கவனமாகச் சிரியுங்கள், இந்தக் கடைசித் தலைப்பில்தான் தாள் போதாமல் வந்து கேட்பார்கள். பத்து வரி எழுதிய பிறகு, இதில் எந்த வரியை யாரிடமும் சொன்னதில்லையோ அதற்கு ஒரு வட்டம் போடு என்பேன். அன்றைய கதை அந்த வட்டத்துக்குள் இருக்கும்.

சரி, கற்பனைக் கதைக்கு என்ன செய்வது? இத்தாலியில் ஜான்னி ரொதாரி என்று ஒருவர். கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியராக இருந்தவர், சிறுவர் இலக்கியத்துக்கான ஆண்டர்சன் விருதை 1970இல் வாங்கியவர். அவர் சொன்ன வழி சுலபம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்து. நாயும் குதிரையும் என்றால் ஒன்றும் கிளம்பாது, இரண்டும் ஒரே கூட்டம். நாயும் அலமாரியும் என்றால் ஏதோ இடறுகிறது. இத்தாலிய மொழியில் அவர் இந்த இரண்டுக்கும் நடுவே சிறு இணைப்புச் சொற்களைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். தமிழில் நமக்கு அதைவிட வசதி, வேற்றுமை உருபு இருக்கிறதே! அலமாரிக்குள் நாய். நாயின் அலமாரி. நாய்க்கு ஓர் அலமாரி. அலமாரியோடு வந்த நாய். அலமாரியைத் தின்ற நாய். உருபு மாற மாற வேறு கதை. ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று பிள்ளைகள் அழுதுகொண்டே மனப்பாடம் செய்யும் வாய்பாடு இங்கே விளையாட்டுச் சாமானாகிவிடுகிறது. இலக்கணம் நடத்தும் ஆசிரியர்கள் ஒரே ஒரு வகுப்பில் செய்து பாருங்கள்.

எழுத்தே ஓடவில்லை என்றால் படம். 1881இல் எழுத்தாளர் ஸ்டீவன்சன் ஸ்காட்லாந்தில் விடுமுறையில் இருந்தார், மழை விடவில்லை, வீட்டில் பள்ளிக்கூடம் போகும் வளர்ப்பு மகன் பொழுது போகாமல் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தான். அந்த மேசையில் பிறந்த ஒரு தீவின் வரைபடத்திலிருந்துதான் 'புதையல் தீவு' வந்தது. (வரைபடத்தைத் தான் வரைந்ததாக அவர் எழுதினார், தான்தான் வரைந்தேன் என்று பையன் பெரியவனானதும் சொன்னான். இதுவே ஒரு கதை.) உங்கள் பிள்ளைக்குத் தீவு வேண்டியதில்லை. ராத்திரி கட்டிலிலிருந்து தண்ணீர்க் குடம் வரை போகும் வழியை வரையச் சொல்லுங்கள், எங்கே இருட்டு, எங்கே தரை சில்லென்று இருக்கும், எந்த இடத்தில் ஓட வேண்டும் என்று குறிக்கச் சொல்லுங்கள். ஓட வேண்டிய இடம் என்று ஒன்றைக் குறித்துவிட்டால் அப்புறம் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

யாருக்கு எழுதுகிறோம் என்பதும் முக்கியம். 1893இல் பியாட்ரிக்ஸ் பாட்டர், உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த 5 வயதுப் பையனுக்கு ஒரு கடிதம் எழுதினார். உனக்கு என்ன எழுதுவது என்றே தெரியவில்லை, அதனால் நான்கு முயல்குட்டிகளின் கதையைச் சொல்கிறேன் என்று தொடங்குகிறது அது. என்ன எழுதுவதென்று தெரியாத அந்தக் கடிதம்தான் பின்னால் வளர்ந்து 1902இல் முயல் பீட்டரின் கதையாகப் புத்தகக் கடைக்குப் போனது. நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் தன் நாட்குறிப்பை 'கிட்டி' என்ற கற்பனைத் தோழிக்கு எழுதினாள். ஆளே இல்லாத 'வாசகர்'களுக்கு எழுது என்றால் பிள்ளையின் கை விறைத்துக்கொள்ளும், படுக்கையில் இருக்கும் தம்பிக்கு எழுது என்றால் கை ஓடும்.

13, 14 வயதுப் பிள்ளைகளின் விஷயம் வேறு. அவர்களிடம் எழுத நிறைய இருக்கிறது, காட்டத்தான் இஷ்டமில்லை. அவர்கள் நோட்டைத் திறந்து பார்க்காதீர்கள், அவ்வளவுதான் அதைப் பற்றி நான் சொல்ல முடியும். ஒருமுறை பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு அந்த நோட்டில் நீங்கள் படிப்பதற்காக எழுதப்பட்டதுதான் இருக்கும்.

பிழை திருத்தத்தைப் பற்றி எனக்கு ஒரு கோபம் உண்டு, சொல்லிவிடுகிறேன். ஒரு சிறுமி தன் கதையில் 'தடுமாறினேன்' என்று எழுதியிருந்தாள். நல்ல சொல்தான், ஆனால் என்னிடம் வாயால் சொல்லும்போது 'வழுக்கி விழுந்தேன்' என்றுதான் சொன்னாள். ஏன் மாற்றினாய் என்றால், எந்த ழ, எந்த ள என்று சந்தேகமாம், சிவப்பு மை வரும் என்று பயந்து தடுமாறினாளாம். பிழைக்குப் பயந்த பிள்ளை தனக்குத் தெரிந்த சொல்லை விட்டுவிட்டுப் பத்திரமான சொல்லுக்குப் போகிறது, நாம் அதைப் பார்த்துப் பிழையே இல்லை என்று சந்தோஷப்படுகிறோம். திருத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, மறுநாள் திருத்துங்கள். அப்புறம் பேச்சு வரும் இடத்தில் 'ஏன்டா லேட்டு?' என்றே இருக்கட்டும், அதை 'ஏன் தாமதம்?' என்று மாற்றினால் கேட்ட ஆளே மாறிவிடுகிறார்.

கைபேசியிடம் கேட்டால் நொடியில் 50 யோசனை தரும், தெரியும். 50இலும் அந்த இடது கால் செருப்பு இருக்காது.

கடைசியாகப் பெரியவர்களுக்கு. டால்ஸ்டாய் தன் பண்ணையில் விவசாயிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். ஒருநாள் ஒரு பழமொழியைக் கொடுத்தார்: கரண்டியால் ஊட்டுவான், காம்பால் கண்ணைக் குத்துவான். அதை வைத்துக் கதை எழுதச் சொன்னால், கஷ்டம், நீங்களே எழுதுங்கள் என்றார்கள். சரியென்று அவரும் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, இப்படி இல்லை, அந்தக் கிழவர் அப்படிப் பேசமாட்டார் என்று திருத்த ஆரம்பித்தார்கள். கடைசியில் அவர்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார், இரண்டு பையன்கள் இரவு வெகுநேரம் வரை போகவே இல்லை. யார் யாரிடம் எழுதக் கற்பது, இவர்கள் நம்மிடமா நாம் இவர்களிடமா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து 1862இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். போரையும் சமாதானத்தையும் பற்றிய அந்தப் பெரிய நாவல் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஆகவே நான் பேசியது போதும். ஆளுக்கு ஒரு தாள் வந்துகொண்டிருக்கிறது, நாற்காலிக்காரர்களுக்கும் சேர்த்துத்தான், கையை மடியில் வைத்துக்கொண்டு நகராதீர்கள். 7 நிமிடம். நேற்று கடைசியாக எதைத் தேடினீர்கள், எங்கே தேடினீர்கள், தேடாத எது கிடைத்தது. பெயர், தேதி எதுவும் மேலே போட வேண்டாம்.

அங்கே ஒரு அப்பா சட்டைப் பையையும் பேன்ட் பையையும் மாற்றி மாற்றித் தடவுகிறார். பேனாவா சார்? சரி, அதிலிருந்தே ஆரம்பித்துவிடுங்கள், உங்கள் பெண் இரவல் தருவாள்.